வேர் சிகிச்சை செய்த பல் பிளந்த அனுபவம் உண்டா?

மேல் முன்கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை செய்து நான்கு ஆண்டுகள் தொல்லை இல்லை. பிறகு ஈறில் பரு போல ஒன்று வருவதும் போவதுமாக இருந்தது. மருத்துவர் மெல்லிய அளவுக்கம்பியை ஈறோரமாக விட்டுப் பார்த்தார். சுற்றிலும் 3 மில்லிமீட்டரில் நின்ற கம்பி, ஓரிடத்தில் மட்டும் 10 வரை இறங்கியது. வேர் நெடுக்காகப் பிளந்திருக்கிறது என்றார். பல்லை எடுத்தாயிற்று. கடித்துப் பிளந்ததா, அடைக்கும்போதே பிளந்ததா?

*

நான் பல் மருத்துவர். மாணவனாக இருந்தபோது ஒரு வேரை நானே பிளந்திருக்கிறேன். நல்லவேளை, அது யார் வாயிலும் இல்லை. பிளாஸ்டரில் பதித்த, பிடுங்கிய கீழ் முன்பல். வேர்க்குழாயை அடைக்க, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான குச்சியை வேருக்குள் வைத்து, ஸ்பிரெடர் என்ற கூர்நுனிக் கம்பியால் அதை ஓரமாக ஒதுக்கி, கிடைத்த இடத்தில் அடுத்த குச்சியைச் செருக வேண்டும். இடைவெளியே இருக்கக் கூடாது என்ற வெறியில் அழுத்தினேன். 'டிக்' என்றது. ஆசிரியர் அதை நீலச் சாயத்தில் ஊறவைத்துக் குறுக்கே வெட்டினார். உதட்டுப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை மயிரிழையாக ஒரு நீலக் கோடு. "அடைக்கிறாயா, ஆப்பு அடிக்கிறாயா?" என்றார்.

ஆப்பேதான். கம்பி கூம்பு வடிவம் என்பதால், கீழ்நோக்கிக் கொடுக்கும் அழுத்தம் சுவர்களை விலக்கப் பார்க்கிறது. அந்தச் சுவரையோ ஏற்கெனவே அரத்தால் ராவி மெலிய வைத்திருக்கிறோம். கீழ் முன்பற்களில் செய்த சோதனைகளில் 1.5 கிலோ அழுத்தத்திலேயே சில வேர்கள் பிளந்திருக்கின்றன. மறுநாள் ஆசிரியர் சமையலறைத் தராசின்மேல் பல்லை வைத்து அழுத்தச் சொன்னார். என் கை 4 கிலோவைத் தொட்டது! அன்றோடு நீளப் பிடியுள்ள ஸ்பிரெடரை விட்டுவிட்டேன். விரல் நுனியால் பிடிக்கும் சிறிய வகையில் தோள்பலம் இறங்காது.

உங்கள் கேள்விக்கு உறுதியான பதில் கிடைப்பது கடினம். அடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பல ஆண்டுகள் மென்றதில் அது நீண்டிருக்கலாம். அதிகமாக ராவியதும் காரணமாகலாம். முன்கடைவாய்ப்பல்லின் வேர் தட்டையானது. எங்களுக்கு எப்போதும் பயம் தருவது.

*

எனக்குப் பிளந்தது கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேர். அதை மட்டும் மேலுள்ள பாதிப் பல்லோடு வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சப் பாதி உறை போட்டுக்கொண்டு ஆறு ஆண்டுகளாக நிற்கிறது. முறுக்கு மட்டும் மறுபக்கத்தில்.