குழுவக ஒட்டுறவும் மதிப்பீட்டாளர் உடன்பாடும்: எந்தச் சொல் எதற்கு?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே விடைத்தாளை இருவர் திருத்துகிறார்கள், ஒரே எக்ஸ்ரே படத்தை மூவர் பார்த்துத் தரம் சொல்கிறார்கள். அவர்கள் தரும் மதிப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் கெழுக்களுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் பதிவு செய்யத் தமிழ்ப் பெயர் வேண்டும். இருவரின் 'உண்டு / இல்லை' போன்ற முடிவுகள் தற்செயலுக்கு மேல் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்ல, கோஹன் 1960-இல் தந்த கப்பாவில் சிக்கலில்லை. அது கிரேக்க எழுத்தின் பெயர், அப்படியே இருக்கட்டும். தலைவலி ஐசிசிதான் (ICC, intraclass correlation coefficient): ஒரே பொருளுக்குக் கிடைத்த எண்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் கெழு.

Correlation, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவது, 'ஒட்டுறவு' என்பதால், 'உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு' என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிடலாம். ஆனால் வகுப்பு என்றதும் பள்ளிக்கூட அறைதான் கண்முன் வரும். 40 பள்ளிகளின் மாணவர்களை ஆராய்பவர் 'பள்ளிகளின் உள்வகுப்பு ஒட்டுறவு' என்று எழுதினால், கணக்கு பள்ளிவாரியாகவா வகுப்பறைவாரியாகவா என்று படிப்பவர் திணறுவார்.

புள்ளியியலாளர் ஃபிஷர் 1925-இல் இதை விளக்க எடுத்துக்கொண்டது உடன்பிறந்த சகோதரர்களின் அளவுகளை. மூத்தவர் உயரம் ஒரு மாறி, இளையவர் உயரம் மற்றொரு மாறி என்று பிரித்தால் அது வழக்கமான ஒட்டுறவு. யார் மூத்தவர் என்பது பொருட்டே இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சராசரி, ஒரே மாறுபாடு (variance, எண்கள் சிதறியிருக்கும் அளவு). எந்த எண்ணை முதலில் எழுதுவது என்று தெரியாததால் ஒவ்வோர் இணையையும் முன்பின் மாற்றி இருமுறை அட்டவணையில் இட்டார்கள். இன்று அதையே மாறுபாட்டுப் பகுப்பாய்வு வழியாகக் கணக்கிடுகிறோம்: மொத்த மாறுபாட்டில் குழுக்களுக்கிடையே உள்ள பங்கு எவ்வளவு? ஆகவே கருத்தின் மையம் குழு. 'குழுவக ஒட்டுறவு' என்பது என் முன்மொழிவு. எதிர்ச்சொல் தேவைப்பட்டால் 'குழுவிடை'. இலங்கை நண்பர்கள் 'குழுவக இணைபு' என்று எழுதினாலும் பொருள் மாறாது.

*

வணக்கம் ஐயா.

குழுவகம் நல்ல சொல். ஒரு தடங்கல் மட்டும் உண்டு. மதிப்பீட்டு ஆய்வில் 'குழு' என்றால் திருத்துபவர்களின் குழு என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இங்கே குழு என்பது ஒரே விடைத்தாள் பெற்ற மதிப்பெண்களின் தொகுதி. 50 தாள்களை 3 பேர் திருத்தினால் 50 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 3 எண்கள். விளக்கக் குறிப்பில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அதைவிட முக்கியமாக, ஐசிசி ஒரே அளவு அல்ல. ஷ்ரவுட், ஃபிளைஸ் இருவரும் 1979-இல் ஆறு வடிவங்களைப் பிரித்தார்கள். அடைப்புக்குறியில் முதல் எண் வடிவத்தின் வகை, இரண்டாவது எத்தனை பேரின் மதிப்பு என்பது. ஐந்து தாள்களுக்கு முதலாமவர் 2, 4, 6, 8, 10 என்று போடுகிறார். இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் மூன்று கூட்டி 5, 7, 9, 11, 13 என்று போடுகிறார். பியர்சன் ஒட்டுறவு 1. மதிப்பீட்டாளரின் தாராளத்தைக் கணக்கில் எடுக்காத ஐசிசி (3,1) என்பதும் 1. அதைக் கணக்கில் எடுக்கும் ஐசிசி (2,1) வெறும் 0.69. யார் எந்தத் தாளைத் திருத்தினார் என்ற பதிவே இல்லாமல் (1,1) வடிவத்தைப் போட்டால் 0.63. தரவு ஒன்றே, விடை மூன்று. தரவரிசை மட்டும் போதும் என்றால் 1 சரி. தேர்ச்சி மதிப்பெண் 8 என்று கோடு போட்டிருந்தால், இரண்டாமவரிடம் மூவர் தேறுவார்கள், முதலாமவரிடம் இருவர்தான்.

இந்த இரண்டு கருத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். எண்ணே ஒத்திருப்பது 'உடன்பாடு'. மாறாத இடைவெளியோடு சேர்ந்து ஏறி இறங்குவது 'உடன்போக்கு' என்று வைத்தால் என்ன?

*

உடன்போக்கா! அகத்திணையில் தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுப் போவதல்லவா அது? மதிப்பெண்கள் அப்படிப் போய்விட்டால் தேடுவது கடினம். 'ஒருபோக்கு' என்று வைத்துக்கொள்வோம், பொருளும் தெளிவு.

'உடன்பாடு' என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இலக்கணத்தில் அது எதிர்மறைக்கு எதிர்ச்சொல். நோய் உண்டா இல்லையா என்ற ஆய்வில் 'உடன்பாட்டு விழுக்காடு' என்று எழுதினால், 'உண்டு' என்று வந்தவை எத்தனை விழுக்காடு என்றும் படிக்கலாம். அதனால் 'மதிப்பீட்டாளர் உடன்பாடு' என்று முழுதாக எழுதவேண்டும், அட்டவணைத் தலைப்பில் 'உண்டு / இல்லை' என்றே இடவேண்டும். 'இசைவு' என்று மாற்றலாமா என்றும் பார்த்தேன். அதே மருத்துவ ஆய்வில் நோயாளி கையெழுத்திடும் 'இசைவுப் படிவம்' குறுக்கே வருகிறது. agreement என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்திர மொழிபெயர்ப்பில் வரக்கூடிய 'மதிப்பீட்டாளர் ஒப்பந்தம்' பற்றிப் பேசவே வேண்டாம், முத்திரைத்தாள் வாங்கச் சொல்வதுபோல் இருக்கிறது.

கப்பாவுக்குத் துணைச்சொற்கள் இரண்டு போதும்: 'கண்ட உடன்பாடு', 'தற்செயல் உடன்பாடு'. 100 படங்களில் இருவரும் 'உண்டு' என்றவை 40, இருவரும் 'இல்லை' என்றவை 30, முதலாமவர் மட்டும் 'உண்டு' என்றவை 20, இரண்டாமவர் மட்டும் என்றவை 10. கண்ட உடன்பாடு 0.70. முதலாமவர் 60 முறையும் மற்றவர் 50 முறையும் 'உண்டு' என்றதால் தற்செயல் உடன்பாடு 0.6 × 0.5 + 0.4 × 0.5 = 0.50. இரண்டின் வேறுபாடான 0.20-ஐ, ஒன்றிலிருந்து தற்செயலைக் கழித்து வரும் 0.50-ஆல் வகுத்தால் கப்பா 0.40.

இப்போது இருவரும் 'உண்டு' என்றவை 90, ஒருவர் மட்டும் என்றவை ஐந்தும் ஐந்தும், இருவரும் 'இல்லை' என்றது ஒன்றுமில்லை என்று வைப்போம். கண்ட உடன்பாடு 0.90-ஆக இருந்தும் தற்செயல் உடன்பாடு 0.905 ஆகிவிடுகிறது. கப்பா −0.05! ஒரே விடை பெருவாரியாக வரும் இடத்தில் கப்பா இப்படிச் சரியும். எனவே கப்பாவை மட்டும் தராமல் நான்கு கட்ட அட்டவணையையும் தரவேண்டும் என்று பதிவில் ஒரு வரி சேர்க்கலாம்.

இதேபோல் ஐசிசியும், எல்லாத் தாள்களும் ஏறக்குறைய ஒரே தரமாக இருந்தால் இறங்கிவிடும். திருத்துபவர்மேல் குற்றமிருக்காது. குழுக்களுக்கிடையே மாறுபாடே இல்லாதபோது எதன் பங்கை எடுப்பது?

*

ஒருபோக்கு பொருத்தமாக இருக்கிறது ஐயா. இன்னும் இரண்டு சிறு சேர்க்கைகள்.

முதலாவது, 'தனிமதிப்பு ஐசிசி', 'சராசரி மதிப்பு ஐசிசி'. தனிமதிப்புக்கு 0.60 என்றால், அத்தகைய மூவரின் சராசரிக்கு 1.8-ஐ 2.2-ஆல் வகுத்து 0.82. நடைமுறையில் ஒருவர்தான் திருத்தப்போகிறார் என்றால் 0.82-ஐக் காட்டுவது ஏமாற்று. மென்பொருள் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும், பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள யாருக்கும் கை நீளும்.

இரண்டாவது, குழுவகம் என்ற சொல் மதிப்பீட்டுக்கு வெளியேயும் தாங்குகிறதா என்று பார்த்தேன். ஊர், பள்ளி போன்ற கொத்துகளைத் தேர்ந்து அவற்றில் உள்ளவர்களைக் கேட்கும் கொத்து மாதிரியெடுப்பில் ஒரு கொத்துக்கு 30 பேர், குழுவக ஒட்டுறவு 0.05 என்றால், மாறுபாடு 1 + 29 × 0.05 = 2.45 மடங்காகப் பெருகும். 600 பேரிடம் கேட்டாலும் சுமார் 245 பேரிடம் கேட்ட துல்லியம்தான். அங்கே குழு என்றால் கொத்து, குழப்பமே இல்லை.

லாண்டிஸ், கோக் இருவரும் 1977-இல் கப்பாவுக்கு இட்ட 'மிதமான', 'கணிசமான' முதலிய தரப்பெயர்களைக் கலைச்சொல்லாக ஏற்ற வேண்டாம். அந்த எல்லைகள் தம் வசதிக்குப் போட்டவை என்று அவர்களே ஒப்புக்கொண்டவை.

பதிவு இப்படி இருக்கலாம்: 'குழுவக ஒட்டுறவுக் கெழு: ஒரே பொருளின் அல்லது ஒரே கொத்தின் அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு. வடிவ எண்ணும், உடன்பாடா ஒருபோக்கா என்பதும், தனிமதிப்பா சராசரி மதிப்பா என்பதும் உடன் குறிக்கப்படவேண்டும்.'