துருப்பிடிச்ச எம்எக்ஸ்-5: கிட் கார் கட்டலாமா, கட்டினதை வாங்கலாமா?

கடைசிபெஞ்ச் (ரெடிங், இங்கிலாந்து):
என்கிட்ட 1999 மஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு இருக்கு, 1.8 இன்ஜின். இந்த வருஷம் எம்ஓடி-ல (வண்டி ரோட்டுக்கு லாயக்கான்னு வருஷா வருஷம் பாக்கற டெஸ்ட்) ஃபெயில். ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ இருக்கற சில், முன்னாடி சேசிஸ் ரெயில் எல்லாம் துரு. வெல்டிங்குக்குக் கேக்கிற காசுல இன்னொரு எம்எக்ஸ்-5 வாங்கிடலாம். ஆனா இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃப் (டிஃபரென்ஷியல்) மூணும் சுத்தமா இருக்கு. ஸ்கிராப்புக்குக் கொடுக்க மனசு வரல.

இதையே டோனரா வச்சு, அதாவது இதோட பாகங்களை எடுத்து, ஒரு கிட் கார் கட்டலாம்னு யோசனை (சேசிஸும் பேனலும் கம்பெனி தரும், நாமதான் பூட்டணும்). எம்எக்ஸ்-5 பாகங்களை வச்சுக் கட்டற எக்ஸோசெட் கிட் மாதிரி ஒண்ணு, இல்லேன்னா அந்தக் காலத்து லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டைல்ல ஒண்ணு. டிராக்குக்கு மட்டும் இல்ல, நம்பர் பிளேட் போட்டு ரோட்டுல ஓட்டணும். கட்டினவங்களும் சொல்லுங்க, வேண்டாம்னு ஓடினவங்களும் சொல்லுங்க.

சில்லுக்காரன் (ஹரோ):
தம்பி, கட்டுங்கோ. எம்எக்ஸ்-5இல துருப்பிடிக்கிறது பொடிதான் (காரின்ர மேல்கூடு), கீழ இருக்கிற சாமான் எல்லாம் நிண்டு பிடிக்கும். அதாலதான் முந்தி ஃபோர்ட் எஸ்கோர்ட், சியரா எண்டு தேடித் திரிஞ்ச ஆக்கள் எல்லாரும் இப்ப மஸ்டாவுக்குப் பின்னால நிக்கினம்.

நான் கட்டினது எக்ஸோசெட். பொடியின்ர போல்ட்டுகளைக் கழட்டி மேல தூக்கினா எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃப், நாலு சில்லு எல்லாம் ஒண்டாவே நிலத்தில நிக்கும். கியர்பொக்ஸையும் டிஃபையும் இணைக்கிற நீட்டு அலுமினியச் சட்டம் ஒண்டு மஸ்டாவில இருக்கெல்லோ, அதுதான் முழுதையும் பிடிச்சு வைச்சிருக்கும். அதுக்கு மேல புது டியூப் சேசிஸை இறக்கிப் பூட்டிறதுதான் வேலை. செவன் எண்டா அப்பிடியில்லை, ஒவ்வொண்டாக் கழட்டி, துடைச்சு, வேற இடத்தில வேற மாதிரிப் பூட்டவேணும்.

கணக்குப்பிள்ளை (மில்டன் கீன்ஸ்):
"பூட்டிறதுதான் வேலை"ன்னு அண்ணன் ஒரே வரில முடிச்சிட்டார். நான் கொஞ்சம் கணக்கு சொல்றேன்.

கிட் கம்பெனி விளம்பரத்துல போடற விலை சேசிஸுக்கும் பேனலுக்கும். அதுக்கு அப்புறம் சீட், பெல்ட், டயர், பிரேக் பைப், பவுடர் கோட்டிங், ரேடியேட்டர் ஹோஸ், லைட், கண்ணாடி. 25 வருஷம் பழைய பிரேக் காலிப்பரையும் சஸ்பென்ஷன் புஷ்ஷையும் அப்படியே போட மனசு வராது, அதுவும் புதுசு. கடைசில, ரோட்டுல விடறதுக்கு முன்னாடி அரசாங்கம் பண்ற டெஸ்டுக்குக் கட்டணமே சில நூறு பவுண்டு. எல்லாம் சேர்த்தா என்ன வருதோ, அதைவிடக் குறைவா கட்டி முடிச்சு ரெஜிஸ்டர் பண்ணின கார் கிடைக்குது.

செகண்ட் ஹேண்ட் விளம்பரங்கள்ல "90% முடிந்துவிட்டது, நேரமின்மையால் விற்பனை"ன்னு எத்தனை கிடக்குன்னு பாருங்க. அந்த மிச்ச 10%லதான் வயரிங், பிரேக், டெஸ்ட் எல்லாமே இருக்கு. கட்டினதை வாங்கி, இந்த கோடையிலேயே ஓட்டுங்க. எம்எக்ஸ்-5ஐ பார்ட் பார்ட்டா வித்துடுங்க.

சில்லுக்காரன்:
காசை மிச்சம் பிடிக்கிறதுக்கு ஆரும் இண்டைக்குக் கிட் கார் கட்டிறதில்லை. முந்தி அப்பிடி ஒரு காலம் இருந்தது. 1957இல லோட்டஸ் செவன் வந்தபோது முழுக் காராய் வாங்கினா கொள்முதல் வரி, துண்டு துண்டாய் வாங்கினா வரியில்லை. பூட்டிற முறையை எழுதிக் குடுக்கக் கூடாதெண்டு சட்டம் இருந்ததால, கழட்டிற முறையை எழுதிக் குடுத்து "பின்னாலயிருந்து வாசியுங்கோ" எண்டவையாம் எண்டு ஒரு கதை சொல்லுவினம். 1973இல வாட் வரி வந்தோட அந்த லாபம் போச்சு. அதே வருஷம்தான் செவன் கேட்டர்ஹாமுக்குக் கைமாறினது. அதுக்குப் பிறகும் சனம் கட்டிக்கொண்டுதானே இருக்கு? ஆரோ முகந்தெரியாத ஆள் இறுக்கின போல்ட்டை நம்பி 70 மைல் ஓட எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர் (லெஸ்டர்):
நான் எம்ஓடி டெஸ்டர். தனியா கட்டின காரை ரோட்டுல விடறதுக்கு முன்னாடி பாக்கற ஐவிஏ டெஸ்ட் நான் செய்யறது இல்ல, அது அரசாங்கத்தோட டிவிஎஸ்ஏ ஆளுங்க. ஆனா ஐவிஏ முடிச்சு ரோட்டுக்கு வந்த கார்கள் பிறகு எங்ககிட்டதான் வருது.

தம்பி, காசு விஷயத்தை விடுங்க. உங்க காரை ரோட்டுல விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறது ஐவிஏ. அதுக்கு என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு முதல் போல்ட்டைத் தொடுங்க. வெளிப்பக்கம் 100 மில்லிமீட்டர் பந்து எங்கெல்லாம் தொடுமோ, அங்க இருக்கற விளிம்பு குறைஞ்சது 2.5 மில்லிமீட்டர் வளைவா இருக்கணும். சஸ்பென்ஷன் நட்டு வெளிய தெரிஞ்சா மூடி போடணும். பிரேக் அழுத்தினா பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னாடி லாக் ஆகக் கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டக் கூடாது. சைலன்சர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது.

நிறைய பேர் மாட்டறது ஸ்டியரிங்ல. மெதுவா வளைச்சு ஓட்டிட்டுக் கையை லேசா விடுவாங்க, வீல் தானா நேருக்குத் திரும்பணும். எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்குப் பக்கம். அதே ஸ்டியரிங் ரேக்கை அதைவிட முன்னூறு கிலோ லேசான காருக்குப் போட்டா வீல் போன இடத்துலயே நின்னுடும். ஸ்டியரிங் அச்சு பின்பக்கம் சாயற காஸ்டர் கோணத்தைக் கூட்டணும். டெஸ்டுக்கு முந்தின நாள் ராத்திரி செய்யற வேலை இல்ல இது.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதைத்தான் ஸ்பேனர் அண்ணனும் சொல்றார், வேற பாஷைல.

பழைய ஸ்பேனர்:
இல்ல. கட்டாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சு கட்டுங்கன்னு சொல்றேன். கட்டினதை வாங்கறவனுக்கு அந்தக் காஸ்டர் எப்படி செட் ஆகியிருக்குன்னே தெரியாது.

சில்லுக்காரன்:
ஸ்பேனர் அண்ணை சொன்னதில பாதி சரி. பிரேக், ஸ்டியரிங், பெல்ட் எல்லாம் தேவைதான், நான் வாய் திறக்கேல்லை. ஆனா இந்த 2.5 மில்லிமீட்டர்க் கூத்து? எல்லாரும் என்ன செய்யினம் எண்டு உங்களுக்கே தெரியும். ரப்பர் விளிம்பை மீட்டர் கணக்கில வாங்கி எல்லா இடமும் ஒட்டுறது, நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போடுறது, பாஸ் பண்ணி வீட்டை வந்து பின்னேரமே எல்லாத்தையும் பிடுங்கி எறியிறது. நானும் கொஞ்சம் பிடுங்கினனான். வடிவாயிருக்கிற காரை வெருளி மாதிரி ஆக்கிப்போட்டு அதுக்குப் பாதுகாப்பு எண்டு பேர்.

பழைய ஸ்பேனர்:
வாங்க, சிவனேன்னு இருந்தவனைக் கிளப்பிட்டீங்க.

செவன்லயும் எக்ஸோசெட்லயும் முன் சக்கரம் பாடிக்கு வெளிய நிக்குது. அந்த விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கற சஸ்பென்ஷன் கை) நுனியும் விங் தாங்கற கம்பியும் ஒரு சின்னப் புள்ளை தடுக்கி விழுந்தா முகத்துல படற உயரத்துல இருக்கு. பார்க்கிங்ல 5 மைல் வேகத்துல லேசா உரசினாலும் தொப்பி போட்ட நட்டுக்கும் மரை தெரியற போல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் தையல் கணக்குல வரும். டெஸ்ட் முடிஞ்சா பிடுங்கலாம்னா, டெஸ்ட் அன்னிக்கு மட்டும் பிரேக் போட்டுக்கிட்டா போதுமா?

இன்னொண்ணு. ஆபத்தான நிலையில வண்டியை ரோட்டுல ஓட்டறதே 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல குற்றம். ஐவிஏ பேப்பர் கையில இருந்தா அது மாறிடாது. இன்சூரன்ஸ்காரன் விபத்துக்கு அப்புறம் போட்டோவோட வருவான். டெஸ்ட் அன்னிக்கு இருந்தது இப்ப எங்கன்னு கேப்பான்.

சில்லுக்காரன்:
பிரேக்கையும் ரப்பரையும் ஒண்டாக் கதைக்காதேங்கோ அண்ணை. 1998இல ஐவிஏக்கு முந்தின எஸ்விஏ டெஸ்ட் வரமுந்தி, வீட்டில கட்டின காருக்கு எம்ஓடி ஒண்டு போதும், ரோட்டில ஓடலாம். அந்தக் காலத்துக் கார்கள் இன்னும் ஓடுது.

பழைய ஸ்பேனர்:
ஓடறதுதான் உங்க கண்ணுல படும். ஓடாததைப் பாக்க மாட்டீங்க. ஒரே சர்க்யூட் பிரேக், நெஞ்சுக்கு நேரா நிக்கற ஒத்தைக் கம்பி ஸ்டியரிங் காலம், பாப் ரிவெட்ல தொங்கற பெட்ரோல் பைப், எல்லாத்தையும் என் ராம்ப்ல தூக்கிப் பார்த்திருக்கேன். எஸ்விஏ-வும், 2009ல அதுக்குப் பதிலா வந்த ஐவிஏ-வும்தான் கிட் கம்பெனிகளையே ஒழுங்கா சேசிஸ் வரைய வச்சுது. உங்க எக்ஸோசெட் டியூப் நேரா இருக்குன்னா அதுக்கும் இந்த டெஸ்டுக்கு ஒரு கும்பிடு போடுங்க.

கடைசிபெஞ்ச்:
ரெண்டு பேரும் தொடருங்க, எனக்கு நல்லா இருக்கு. நடுவுல ஒரு சந்தேகம். நம்பர் என்ன வரும்? வயசு நிரூபிக்க முடியாத வண்டிக்குத் தர்ற கியூ பிளேட் வந்தா விக்கும்போது மதிப்பு போயிடும்னு சொல்றாங்க.

சில்லுக்காரன்:
ஒரே டோனரில இருந்து ரெண்டு முக்கிய பாகமாவது, எஞ்சினும் கியர்பொக்ஸும் எண்டு வையுங்கோவன், அதோட கிட் கம்பெனியின்ர புதுச் சேசிஸ். அப்பிடியெண்டா டோனரின்ர வயசுக்கேத்த நம்பர் தருவினம். உங்களுக்கு 1999க்குரியது வரும். நாலு காரில இருந்து நாலு சாமான் எடுத்து, ரசீதும் இல்லாட்டிக் கியூதான். அதால லொக் புக்கை (காரின்ர பதிவுப் பத்திரம்) பத்திரமா வைச்சிருங்கோ, சுவான்சியில இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு அது போகவேணும். பொடியை ஸ்கிராப்புக்குக் குடுக்கிறன் எண்டு காரையே அழிச்சதாப் பதிஞ்சு போடாதேங்கோ. கட்டக் கட்டப் படமும் எடுங்கோ. நீங்கதான் கட்டினது எண்டு காட்டச் சொல்லிக் கேப்பினம்.

கணக்குப்பிள்ளை:
கியூ வந்தா எம்ஓடி புகை டெஸ்ட் சுலபம், பெட்ரோல் வண்டிக்குக் கண்ணால பாத்து விட்டுடுவாங்கன்னு சில பேர் வேணும்னே கியூ வாங்கறாங்க. விக்கிற அன்னிக்குத் தெரியும் சேதி. கியூ போட்ட வண்டிக்கு போன் பண்றவன் முதல் வார்த்தையே பேரம்தான்.

கோவை கியர் (கோயம்புத்தூர்):
ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு இருந்தனுங்க, இப்ப பொறுக்க முடியல. நீங்க 2.5 மில்லிமீட்டருக்கு அடிச்சுக்கிறீங்க. இங்க வீட்டுல கட்டின காரைக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணச் சொல்றதுக்கு ஒரு வாசலே இல்லைங்க. மத்திய மோட்டார் வாகன விதி 126 பிரகாரம் மாடலோட புரோட்டோடைப்பை புனே ஏஆர்ஏஐ மாதிரி வாகன டெஸ்ட் ஏஜென்சி பாத்து ஒப்புதல் தரணும். அது கம்பெனிக்காரங்களுக்கான வழி, ஒத்தைக் கார் கட்டறவனுக்கு ஆகற செலவு இல்லீங்க. இருக்கற காரை மாத்தலாம்னா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்குதுங்க. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா எதையும் மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

இத்தனைக்கும் இந்த ஊர்ல லேத்துக்கும் வெல்டருக்கும் பஞ்சமே இல்லைங்க. மாருதி இன்ஜினைப் போட்டு ரேஸ் கார் கட்டின ஊர் இது. ஆனா அதெல்லாம் செட்டிபாளையம் கரி டிராக்குக்குள்ளதான், கேட்டைத் தாண்டினா லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும். ஒரு மனுஷன் தனியா ஒரு கார் கட்டி அரசாங்கத்துக்கிட்டயே "பாத்துச் சொல்லுங்க"ன்னு கொண்டுபோய் நிறுத்த முடியுதுன்னா, அந்த ரப்பரை நான் பிடுங்க மாட்டனுங்க அண்ணா. பூப்போட்டு வைப்பேன்.

சில்லுக்காரன்:
கோவைத் தம்பி சொல்லுறது விளங்குது. அதுக்காக ஒரு விதி பிழையெண்டா பிழையெண்டு சொல்லாம இருக்கேலாது. விங் கம்பி நட்டுக்குத் தொப்பி திரும்பப் போடுறன், ஸ்பேனர் அண்ணைக்காக. டாஷ்போர்டுக்குக் கீழ ஒட்டினது வராது. அங்க ஆரின்ர முகமும் படாது.

பழைய ஸ்பேனர்:
முழங்கால் படும்.

கணக்குப்பிள்ளை:
அப்போ முடிவு? நான் இன்னும் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்கறேன். ஸ்பேனர் அண்ணன் சொன்ன காஸ்டர் சந்தேகத்துக்குப் பதில் இருக்கு: ஐவிஏ பாஸான சர்டிபிகேட்டையும் கட்டின போட்டோ ஃபைலையும் கேளுங்க. ரெண்டும் இல்லாதவன்கிட்ட வாங்காதீங்க.

கடைசிபெஞ்ச்:
கட்டறேன். எக்ஸோசெட்தான். செவன் அழகு, ஆனா என் பொறுமை எனக்குத் தெரியும். ஐவிஏ மேனுவலை இறக்கிப் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், பின் ஃபாக் லைட் டிரைவர் பக்கமோ நடுவிலோதான் இருக்கணும்னு பாத்தேன், இந்த மாதிரி நூறு இருக்கு.

சில்லு அண்ணா, பாடியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். வயரிங் ஹார்னஸை (காரோட மொத்த வயர்க் கட்டு) முழுசா வச்சுக்கிட்டு ஏர்பேக், பவர் விண்டோ வயரை மட்டும் உருவணுமா, இல்ல வெட்டிடலாமா?

சில்லுக்காரன்:
வெட்டாதேங்கோ! முதல்ல பட்டரியைக் கழட்டி வையுங்கோ, ஏர்பேக்கைத் தொடுறதெண்டா அதுக்குப் பிறகுதான். ஒவ்வொரு கனெக்டரிலயும் டேப் சுத்தி பேர் எழுதுங்கோ, பேனையால, பென்சிலால இல்லை. பிறகு வயர்க் கட்டைச் சுத்தியிருக்கிற பழைய டேப்பை முழுக்க உரிச்சு நிலத்தில விரிச்சுப் போட்டு, தேவையில்லாத வயரை ரெண்டு நுனியிலயும் பார்த்து உருவுங்கோ. சனிக்கிழமை வீட்டில நிப்பன், தூக்கிறதுக்கு ஆள் வேணுமெண்டா மெசேஜ் போடுங்கோ. நாலு பேராவது வேணும்.

கணக்குப்பிள்ளை:
நானும் வரேன். பிடிக்க மட்டும். கணக்கு கேக்க மாட்டேன்.