வெளிநாட்டு ஆன்லைன் கேசினோ: ஜெயிச்ச பணத்தை எடுக்கப் போனப்ப என்ன நடந்துச்சு?

கொங்கு_கேஷியர்:
பணம் வராம இழுத்தடிக்கிறதைப் பத்தி நிறையப் பேர் எழுதுறாங்க. வந்து சேர்ந்த பணம் என்ன பண்ணும்னு யாரும் எழுதலை. கவுன்ட்டருக்கு வந்த ஒரு பாஸ்புக் இன்னும் கண்ணுல நிக்குது. 84,000 ரூபாய் வித்ட்ரா, நாலு துண்டா ஐஎம்பிஎஸ்-ல வந்திருக்கு: 25,000, 25,000, 20,000, 14,000. நாலும் நாலு தனிநபர் கணக்குல இருந்து. ரெண்டு வாரத்துல மொத்தக் கணக்கும் ஃப்ரீஸ். பேலன்ஸ் காட்டுது, ஒத்த ரூபாய் எடுக்க முடியலை. சம்பளம் வர்றதும் வீட்டுக்கடன் இஎம்ஐ போறதும் அதே கணக்குலதான்.

இந்த சைட்டுகளுக்கு இங்க எந்த வங்கியும் நேரடியா கணக்கு கொடுக்காது. அதனால யார் யாரோ கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுறாங்க. டெபாசிட் போடுற யுபிஐ ஐடி அடிக்கடி மாறுறது அதுக்குத்தான். பார்ட் டைம் வேலை மோசடி, போலி டிரேடிங் ஆப்னு பறிச்ச பணமும் அதே கணக்குகள்லதான் உருளுது. பறிகொடுத்தவர் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்ததும், பணம் எந்தக் கணக்குக்குப் போச்சு, அங்கிருந்து எங்க போச்சுன்னு வரிசையா நிறுத்திக்கிட்டே வருவாங்க. அந்த வரிசையில மூணாவதோ நாலாவதோ, ஜெயிச்சவரோட கணக்கு.

ஸ்பின்_ராசு:
போனஸ்ல ஆடினவங்களுக்கு அந்த இடம் வரைக்கும்கூட பணம் வராது சார். "விதிமீறல், வெற்றித்தொகை ரத்து"ன்னு ஒரு மெயில் வரும். ஆதாரமா பெட் ஹிஸ்டரியில ஒரே ஒரு வரியைக் காட்டுவாங்க. நான் பார்த்ததுல அந்த ஒரு வரி போனஸ் பை. ஸ்பின்னுக்கு 20 ரூபாய்தான் வெச்சிருக்கார். ஆனா ஃப்ரீ ஸ்பின்னைக் காசு கொடுத்து வாங்குற பட்டன் பெரும்பாலும் பெட்டைப் போல 100 மடங்கு. 2,000 ரூபாய். அதை சைட் ஒரே பெட்டா எண்ணுது. நிபந்தனையில "ஒரு பெட்டுக்கு அதிகபட்சம் 500"னு இருந்திருக்கு. அந்தப் பட்டனை மறைச்சு வைக்கவும் இல்லை, அமுக்கும்போது தடுக்கவும் இல்லை. தோத்திருந்தா அந்த வரியை யாரும் தேடியிருக்கவே மாட்டாங்க.

இன்னொண்ணு, போனஸ் எடுத்தா வித்ட்ராவுக்கு முன்னாடி இத்தனை மடங்கு பெட் வெச்சு முடிக்கணும்னு ஒரு நிபந்தனை இருக்கும். 35 மடங்குன்னு வைங்க. 10,000 போட்டா 10,000 போனஸ். டெபாசிட்டும் போனஸும் சேர்த்து 35 மடங்குன்னா 7,00,000 ரூபாய்க்குப் பெட் வைக்கணும். 96% ஆர்டிபி (வெச்ச பெட்டுல சராசரியா திரும்பி வர்ற பங்கு) ஸ்லாட்ல சராசரியா 4% போகும், அதாவது 28,000. கையில இருக்கிறதே 20,000. போனஸுக்கு மட்டும் 35 மடங்குன்னா 3,50,000-க்கு 14,000 போகும், கிடைச்ச போனஸ் 10,000. லைவ் பிளாக்ஜாக்ல முடிச்சிடலாம்னா அங்க பல சைட்ல வெச்ச பெட்டுல 10% தான் அந்த மடங்குக் கணக்குல ஏறும். 7 லட்சம் அங்க 70 லட்சம் ஆயிடும்.

ஆர்டிபி_அரசு:
ராசு ப்ரோ, பெருக்கல் சரி. 96%னு எடுத்துக்கிட்டதுதான் சரியில்லை. ஒரே ஸ்லாட்டைப் பல ஆர்டிபி-ல கம்பெனிக்காரங்களே தயாரிச்சுக் கொடுக்குறாங்க. பிளே அன் கோ கம்பெனியோட புக் ஆஃப் டெட் ஸ்லாட்டை எடுத்துக்கோங்க: 96.21, 94.25, 91.25, 87.25, 84.18 எல்லாமே உண்டு. எதை வைக்கணும்கிறது சைட்டோட முடிவு. படம், சத்தம், சின்னம் எதுலயும் வித்தியாசம் தெரியாது. உங்க 7 லட்சத்தை 87.25-ல போடுங்க, எதிர்பார்க்கிற நஷ்டம் 89,250. 20,000 ரூபாய் பாதி தூரம்கூடத் தாங்காது.

பார்க்கிற இடம்: கேமைத் திறந்து மூணு கோடு இல்லைன்னா கேள்விக்குறியை அமுக்குங்க, கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். ரிவ்யூ சைட்ல போட்டிருக்கிற நம்பரை நம்பாதீங்க, அது பெரும்பாலும் உச்ச வெர்ஷன். டெமோவுல பார்த்தா போதாது, நிஜப் பணம் போட்ட கேமுக்குள்ளயே பாருங்க.

நெல்லை_வாசு:
இவ்வளவு பயப்படணுமா? பக்கத்தோட அடியில குராசோ (கரீபியன் தீவு) லைசென்ஸ் நம்பர், 8048/ஜேஏஇசட் மாதிரி இருந்தா போதும். அது அரசாங்கம் கொடுக்கிறது.

தேம்ஸ்_கரை:
இல்லை வாசு, நேராக அரசாங்கம் குடுத்தது இல்லை. பழைய முறையில குராசோவில நாலு நிறுவனங்களிட்ட மாஸ்டர் லைசென்ஸ் இருந்தது. மற்ற தளங்கள் எல்லாம் அவையளிட்ட துணை லைசென்ஸ் வாங்கி ஓடினது. நீங்கள் சொல்லுற நம்பர் அப்பிடி ஒரு மாஸ்டரின்ர நம்பர். அதே நம்பர் எக்கச்சக்கமான தளங்களில கிடக்கும். 2024 டிசம்பர் 24-இல இருந்து புதுச் சட்டம், இப்ப குராசோ கேமிங் அத்தாரிட்டி நேராகக் குடுக்குது. அடியில இருக்கிற முத்திரையை அமத்திப் பாருங்கோ. அது வெறும் படமாக இருந்தால் அதில ஒண்டும் இல்லை. லிங்க் திறந்தாலும் அத்தாரிட்டியின்ர சொந்தத் தளத்துக்குத்தான் போகுதோ, அங்க இருக்கிற டொமைன் பெயர் எழுத்துக்கு எழுத்து நீங்கள் விளையாடுற முகவரியோட பொருந்துதோ எண்டு பாக்கவேணும். மிரர் லிங்க் (அதே தளத்தின்ர மாற்று முகவரி) எண்டு டெலிகிராமில அனுப்புறது அந்தப் பட்டியலில இருக்குமெண்டு எதிர்பாக்காதேங்கோ.

இங்க பிரிட்டனில எனக்கு மறக்கேலாதது ஒரு ஸ்டேட்மென்ட். அந்த ஆள் கேம்ஸ்டாப்பில, அதாவது சூதாட்டத் தளங்கள் தன்னைச் சேர்க்காமல் இருக்கப் பதியிற இடத்தில, தன்னைத் தானே விலக்கி வச்சிருந்தவர். வங்கி ஆப்பிலயும் சூதாட்டத் தடை போட்டிருந்தவர். ஆனாலும் 200 பவுண்ட் போயிருக்கு, தளபாடக் கடை எண்ட பெயரில. வங்கித் தடை 7995 எண்ட வணிகக் குறியீட்டைப் பாத்துத்தான் வேலை செய்யும். வெளிநாட்டுத் தளம் வேறை குறியீட்டில காசை எடுத்தால் தடைக்கு அது தெரியவே தெரியாது. கேம்ஸ்டாப்பும் பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள தளங்களுக்கு மட்டும்தான். "கேம்ஸ்டாப்பில் இல்லை" எண்டே விளம்பரம் செய்து, விலகி நிக்கிற ஆக்களைத் தேடிப் பிடிக்கினம். இதைப் பாத்தால் எனக்கு உண்மையாக நெஞ்சு கொதிக்குது. விலகவேணும் எண்டு நினைக்கிற ஆக்கள் தளத்தையே திறக்க விடாத கேம்பான் மாதிரி மென்பொருளைப் போனிலயும் கணினியிலயும் போடவேணும். ஒண்டை விட்டாலும் பிரயோசனம் இல்லை.

இன்னொண்டு, வித்ட்ரா "பெண்டிங்" எண்டு நிக்கேக்க பக்கத்தில "ரத்து செய்" பட்டன் இருக்கும். பிரிட்டனில அதை நிரந்தரமாகத் தடைசெய்து போட்டாங்கள். வெளிநாட்டுத் தளங்களில மூண்டு நாள் பெண்டிங்கில வச்சிருக்கிறதே அந்தப் பட்டனை அமத்த வைக்கத்தான்.

இனிஷியல்_குமார்:
கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு பத்தி யாருமே சொல்லலையே. டெபாசிட் போடும்போது ஒரு ஆவணமும் கேக்க மாட்டாங்க. வித்ட்ரா போட்டாத்தான் கேப்பாங்க. நம்ம ஊர்க்காரங்க அங்கதான் மாட்டுறாங்க. ஃபார்ம்ல முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம். ஆதார்ல "எஸ். குமார்", பான்ல இனிஷியல் விரிஞ்சு "சுப்பிரமணியன் குமார்", வங்கியில "குமார் எஸ்". மூணும் மூணு ஆளுன்னு சொல்லித் திருப்பி அனுப்புறாங்க. அப்புறம் நோட்டரி கையெழுத்து கேப்பாங்க, அடுத்து ஆதாரைக் கையில பிடிச்சு செல்ஃபி கேப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம். பெண்டிங் பணம் திரும்ப கேம் பேலன்ஸுக்கே போயிடும். அந்த ஆதார் செல்ஃபி யார் கைக்குப் போகுதுங்கிறதுதான் எனக்கு உறுத்துது. அனுப்பித்தான் ஆகணும்னா மாஸ்க்டு ஆதார் (கடைசி நாலு எண் மட்டும் தெரியுறது) போதும், மேலயே தேதியும் எதுக்காகன்னும் எழுதிடுங்க.

திருச்சி_பிட்:
ஃப்ரீஸ் ஆகக்கூடாதுன்னா யுஎஸ்டிடி-ல, டாலர் மதிப்புல இருக்கிற கிரிப்டோ காயின்ல எடுங்க. டிரான் நெட்வொர்க், டிஆர்சி20. முடிஞ்சுது.

கொங்கு_கேஷியர்:
திருச்சி தம்பி, முடியலை. யுஎஸ்டிடி-யை வெச்சு இஎம்ஐ கட்ட முடியாது, ரூபாயா மாத்தணும். பி2பி-ல, அதாவது நேரா இன்னொரு ஆளுக்கு வித்தா வாங்குறவர் அனுப்புற ரூபாய் எங்கிருந்து வந்ததுன்னு தெரியாது. மோசடிப் பணம் உள்ள வர்ற வாசல்ல அதுவும் ஒண்ணு, நான் சொன்ன அதே வரிசைதான். மேல 1% டிடிஎஸ், லாபத்துக்கு 30% வரி. அப்புறம் டிஆர்சி20 முகவரி ஆங்கில எழுத்து டீ-ல ஆரம்பிக்கும். கேசினோ வேற நெட்வொர்க்ல அனுப்பி, உங்க எக்ஸ்சேஞ்ச் அதை ஏத்துக்கலைன்னா பணம் நடுவுல தொங்கும். கேசினோகிட்ட கேட்டா "அனுப்பிட்டோம்"னு ஒரு நம்பரைக் கொடுத்துட்டு சாட்டை மூடிடுவாங்க.

கணக்கு ஏற்கெனவே நின்னுபோனவங்களுக்காக விவரமா எழுதுறேன். முதல்ல கிளைக்குப் போய் மூணு விஷயத்தை எழுத்துல வாங்குங்க: புகாரோட அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர், எந்த மாநிலம் எந்த ஸ்டேஷன், எவ்வளவு தொகை மேல புகார். மூணாவதுதான் முக்கியம். புகார் 25,000-க்கு மட்டும்னா, அந்தத் தொகையை மட்டும் லியன் போட்டு, அதாவது எடுக்க முடியாம நிறுத்தி வெச்சு, மீதிக் கணக்கைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கேளுங்க. சம்பளக் கணக்குன்னா சம்பளச் சீட்டு, இஎம்ஐ அட்டவணை ரெண்டையும் சேர்த்து வைங்க. ஸ்டேஷன் வேற மாநிலத்துல இருந்தா முதல்ல விசாரணை அதிகாரிக்கு மெயில் போடுங்க: ஆறு மாச ஸ்டேட்மென்ட், அந்தப் பணம் எப்படி வந்ததுன்னு விளக்கம், அடையாளச் சான்று. "ஃப்ரீஸை எடுத்துத் தர்றோம்"னு டெலிகிராம்ல வர்றவங்களுக்குப் பதிலே போடாதீங்க.

விளக்கத்துல பொய் எழுதாதீங்க. நண்பர் கொடுத்த கடன்னு எழுதினா, அனுப்பினவர் யாருன்னு அடுத்த கேள்வி வரும். உண்மையை எழுதுறதுலயும் சிக்கல் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கோங்க. 2023-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சட்டத்துல ஆன்லைன் சூதாட்டம் ஆடுறவருக்கே 3 மாசம் வரை சிறை இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 2025 ஆகஸ்ட்டுல நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் ஆடுறவரைத் தண்டிக்கலை. நடத்துறவர், விளம்பரம் பண்றவர், பணம் கைமாத்துறவரைப் பிடிக்குது. அதனால மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட வரைவைக் காட்டிடுங்க.

ஸ்டேஷன்ல இருந்து பதிலே வரலைன்னா, முடக்கினது பிஎன்எஸ்எஸ் (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-வது பிரிவுலயான்னு பாருங்க, பழைய சிஆர்பிசி-ல 102. அப்படின்னா அந்த ஸ்டேஷன் எல்லையில இருக்கிற மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல 503-வது பிரிவுல மனு போடலாம். வக்கீல் அந்த ஊர்க்காரரா இருந்தா அலைச்சல் குறையும்.