காராமணிக்கு முன் மூடுபயிர்: சணப்பா, கம்பா?

கேள்வி (செங்குன்றம்)

அனைவருக்கும் வணக்கம். சோழவரம் ஏரிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் செடிக் காராமணியும் கொத்தவரையும் பயிரிடுகிறேன். விதைத்த முதல் மாதத்திலேயே சாரணையும் குப்பைக்கீரையும் பயிரை முந்திக்கொள்கின்றன. அந்த முப்பது நாளில் களை நின்றுவிட்டால், பிறகு எடுத்தாலும் காய்ப்புத் தேறுவதில்லை. பச்சையாகப் பறித்து விற்கும் காய் என்பதால் களைக்கொல்லி தெளிக்க மனம் வரவில்லை. கைக்களைக்கோ ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. முன்கூட்டியே சணப்பு என்னும் பசுந்தாள் பயிரை மூடுபயிராக (நிலத்தை மூடிக் களையை அடக்க வளர்ப்பது) விதைத்து மடக்கி உழுதால் களை குறையுமா?

பதில் 1 (மீஞ்சூர்)

குறையும், ஆனால் உழாமல் இருந்தால்தான். நெருக்கமாக விதைத்த சணப்பு விரைவில் நிலத்தை நிழலால் மூடிவிடுவதால் களை முளைத்தாலும் தலையெடுக்காது. அதை உழும்போது, அடியில் உறங்கிக் கிடந்த களை விதைகள் வெளிச்சத்துக்கு வந்து ஒரே மழையில் முளைத்துவிடும். ஆகவே பூக்கும் தருணத்தில் தரையோடு அறுத்து, அங்கேயே மூடாக்காகப் பரப்பி, இடையில் கோடு கீறிக் காராமணியை ஊன்றுங்கள். பயிரின் வேரைத் தாக்கி முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் நூற்புழு இருக்கும் நிலத்தில் சணப்பு அதையும் கட்டுப்படுத்தும். எங்கள் ஊரைப் போல நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் சணப்பைவிடத் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் பயிர் தாங்கி வளரும்.

பதில் 2 (மாதவரம்)

உழ வேண்டாம் என்பதில் மேலே எழுதியவரோடு முழுமையாக உடன்படுகிறேன். பயிர்த் தேர்வில் மட்டும் என் கருத்து வேறு. தழைச்சத்து மிகுந்த சணப்பின் இலை, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் பகுதியில் சில வாரங்களில் மட்கிவிடும்; மூடாக்கு மெலிந்துபோவதோடு, அது விடுவிக்கும் தழைச்சத்தை முதலில் உறிஞ்சிக் கொழுப்பது குப்பைக்கீரைதான்.

கம்பின் தட்டையில் கரிமம் அதிகம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாகத் தம்மிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இது பெரிய குறை. காராமணியோ வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரின் உதவியால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பெறுவதால், பட்டினி களைக்கு மட்டுமே மிஞ்சுகிறது. அமெரிக்காவில் சோயாவுக்கு முன் ரை என்னும் குளிர்காலத் தானியத்தை வளர்த்து, பூக்கும்போது உருளையால் சாய்த்து, அதன்மேலேயே விதைப்பதும் இந்த அடிப்படையில்தான். ரை நம் வெயிலுக்கு வராது. அதன் இடத்தில் கம்பு நிற்கும்.

தானியத்துக்கு விதைக்கும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு விதையை வைகாசிக் கடைசியில் தெளித்து, கதிர் பூக்கும்போது அடியோடு அறுத்து, மண் தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். மெல்லியதாகப் போட்டால் பயனில்லை. ஆடியில் ரைசோபியம் கலந்த காராமணி விதையை ஊன்றினால், ஐப்பசி அடைமழைக்கு முன் பெரும்பகுதிக் காயைப் பறித்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இரண்டு ஐயங்கள். சோள விதை எளிதாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? வரப்போரம் கோரையும் இருக்கிறது, அது அடங்குமா?

பதில் 2 (மாதவரம்)

சோளத்தின் வேரில் சுரக்கும் பொருள் சிறு விதைக் களைகளை முளைக்கவிடாமல் தடுப்பதால், களையை மட்டும் கருதினால் அது சிறந்ததே. ஆனால் இளஞ்சோளத்தில், குறிப்பாக வாட்டம் கண்ட பயிரில், சயனைடு நஞ்சு உருவாகும். நம் பக்கம் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. வேலி இல்லாத நிலத்தில் சோளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோரை விதையிலிருந்தல்ல, கிழங்கிலிருந்து வருவது. கூர்மையான அதன் முளை எந்த மூடாக்கையும் துளைத்து வரும். கம்பு நிற்கும் வரை நிழலில் நலியும், அவ்வளவுதான். கம்பு விதைக்கும் முன், சித்திரை வெயிலில் அந்தப் பகுதியை மட்டும் ஆழமாகக் கொத்திக் கிழங்குகளைப் பொறுக்கி அகற்றுங்கள்.