வைசர்: முகமூடியா, முகக்கதவா?

> ரோமத் தலைக்கவச உறுப்புகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், பொம்பெயியில் கிடைத்த கிளாடியேட்டர் (அரங்கில் சண்டையிடும் வீரன்) தலைக்கவசத்தின் முன்பகுதிக்கு (வைசர்) ‘முகமூடி’ என்று போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரியும் ஐயா. ஆனால் அந்தச் சொல் இன்னொன்றுக்குத் தேவைப்படுகிறது. ரோமக் குதிரைப்படையினர் பயிற்சி விளையாட்டுகளில் அணிந்தது கண், மூக்கு, வாய் எல்லாம் வடித்த உலோக முகம். இங்கிலாந்தில் ரிப்செஸ்டரில் 1796இல் கிடைத்தது அந்த வகைதான். அசல் முகமூடி அதுவே. சிரியாவின் எமேசாவில் கிடைத்ததில் அது நெற்றி நடுவே ஒரே கீலில் தொங்கும்.

கிளாடியேட்டருடையது வேறு. படைவீரனின் கன்னத்தகடுகள் பெருத்துப் பெருத்து நடுவில் முட்டிக்கொண்டதால் வந்தது. இரண்டு பாதி, பக்கவாட்டில் கீல். வாசற்கதவு சாத்துவது போலத்தான். ‘முகக்கதவு’ என்றால் அமைப்பும் சொல்லிலேயே வந்துவிடும்.

> ‘சல்லடைத்தகடு’? துளைகள்தானே முதலில் கண்ணில் படுகின்றன.

முர்மில்லோ என்ற கிளாடியேட்டர் வகைக்குச் சரி. செக்கூட்டர் என்ற இன்னொரு வகையிடம் மாட்டிக்கொள்வோம். அவனுக்குச் சல்லடையே கிடையாது. சுமார் 3 செ.மீ. அகலத்தில் இரண்டு வட்டத் துளைகள், அவ்வளவுதான். எதிரே நிற்பவன் வலையும் முச்சூலமும் ஏந்திய ரெட்டியாரியஸ். சூல முனை கண்ணில் இறங்காமலிருக்கத் துளை சிறிது. வலை சிக்காமலிருக்க மண்டை வழவழப்பு, அகன்ற விளிம்பும் இல்லை. பதிலுக்குப் பக்கப்பார்வை போய்விடும், மூச்சும் முட்டும். ஆகவே மொத்த உறுப்பு முகக்கதவு. துளையிட்ட பகுதி இருந்தால் அது மட்டும் ‘கண்சல்லடை’.

> மற்றவை: கழுத்துக்காப்பு, கொண்டை, சிலுவைப்பட்டை.

படைக்கவசத்தின் பின்தகடு தொண்டையைக் காப்பதில்லை. ‘பிடரிக்காப்பு’ என்று குறுக்குங்கள். ‘கொண்டை’ நல்ல சொல், சேவலே சாட்சி. ஆனால் கிளாடியேட்டர் கவசத்தோடு ஒட்டிய உலோக முகட்டுக்கு மட்டும் வையுங்கள். படைவீரன் செருகிக் கழற்றும் குதிரைமயிருக்குக் ‘குஞ்சம்’ போதும்.

‘சிலுவைப்பட்டை’ வேண்டவே வேண்டாம். ரோமப் பேரரசர் டிராஜனின் டேசியப் போர்களில் (101–106) எதிரிகளின் வளைந்த ஃபால்க்ஸ் வாள் மேலிருந்து இறங்கி மண்டையோட்டைப் பிளந்ததால், படைக்கவசத்தின் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இரும்புப் பட்டைகளைத் தறையாணி அடித்துப் பொருத்தினார்கள். ஏற்கெனவே செய்து முடித்த கவசங்களின் மேலும் அடித்திருக்கிறார்கள். சிலுவை என்று எழுதினால் வாசகர் கிறித்தவச் சின்னம் என்றே நினைப்பார். ‘குறுக்குப்பட்டை’ போதும்.

எடையையும் ஒரே வரியில் கலக்காதீர்கள்: காலாட்படையினுடையது சுமார் 2 கிலோ, கிளாடியேட்டருடையது சுமார் 4 கிலோ. நாளெல்லாம் நடக்கிறவனுக்கும் சிறிது நேரமே மோதுகிறவனுக்கும் உள்ள வேறுபாடு அது. படைவீரனுக்குக் கட்டளை கேட்க வேண்டும் என்பதால் காதருகே தகடு வெட்டியிருக்கும்; அந்த இடத்துக்கு நம் பட்டியலில் இன்னும் சொல் இல்லை.

> ‘காதுவெட்டு’?

காதையே வெட்டியது போல ஒலிக்கிறது. ‘காதுவளைவு’ என்று வைத்துப் பார்ப்போம்.