ஈரலுக்குள் கல்: கல்லை மட்டும் எடுத்தால் போதாதா?

குடியாத்தத்துக்காரன்:
சித்திக்கு வயசு 52. எம்ஆர்சிபி (பித்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஈரலின் இடது ஓரம், டாக்டர்கள் எண் போடற 2, 3-ம் பகுதிப் பித்தக் குழாய்களில் நிறைய கல். ஒரு இடத்தில் குழாய் சுருங்கியிருக்கு, அதுக்கு மேலே வீக்கம். அந்தப் பகுதியே சிறுத்துப் போச்சாம். அடிக்கடி குளிர் ஜுரம், கண் மஞ்சள். பித்தப்பையை முன்னாடியே எடுத்தாச்சு. வேலூர் சர்ஜன் இடது ஓரத்தை வெட்டணும்னு சொல்றார். ஈஆர்சிபியில் (வாய் வழியா ஸ்கோப் விடறது) கல்லை மட்டும் எடுக்க முடியாதா? ஆபரேஷன்ல டி-டியூப் (பித்தத்தை வெளியே ஒரு பையில் வடிக்கிற குழாய்) வெச்சா வீட்டில் எப்படிப் பார்த்துக்கறது?

பித்தநாளம்:
நோய் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கு. பித்தம் தேங்கும் இடத்தில் ஈகோலை மாதிரி கிருமி வளருது. அது பித்தத்தில் இருக்கிற பிலிருபின்கிற மஞ்சள் நிறமியைப் பிரிச்சு விட, கால்சியத்தோட சேர்ந்து பழுப்புக் கல் ஆகுது. விரலால் நசுக்கினால் களிமண் மாதிரி உதிரும். சுருக்கத்தை விட்டுட்டுக் கல்லை மட்டும் வாரினால் திரும்ப வரும்.

ஈஆர்சிபி ஸ்கோப் சிறுகுடல் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து கல்லைப் பிடிக்கிற கம்பிக் கூடையை மேலே ஏற்றணும். ஈரலுக்கு வெளியே, பித்தத்தைச் சிறுகுடலுக்குக் கொண்டு போற பொதுக் குழாய்க் கல்லுக்கு அருமையான வழி. சுருக்கம் தாண்டி, 2-ம் பகுதி வளைவுக்குள் திருப்புவது பெரும்பாலும் நடக்காது. சீழ் பிடிச்ச சமயத்தில் ஸ்டென்ட் (சின்னக் குழாய்) போட்டுப் பித்தத்தை வடிக்க அதே ஈஆர்சிபி உயிர் காக்கும்.

சிறுத்த பகுதி வேலை செய்யறது குறைவு, எடுத்தால் இழப்பு அதிகமில்லை. கல், சுருக்கம், பின்னாளில் புற்றுநோய் வரக்கூடிய குழாய் மூணும் ஒரே வெட்டில் போகும். ஆனா வலது பக்கமும் கல் இருக்கான்னு கட்டாயம் கேளுங்க. ஆபரேஷன்லயே பொதுக் குழாய் வழியா ஸ்கோப் விட்டு வலது கிளைகளையும் பார்ப்பாங்க. ஜுரம் அடங்கின பிறகுதான் கத்தி. காமாலை இருந்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறையறதைக் காட்டும் டெஸ்ட்) பார்த்து வைட்டமின் கே ஊசி போடணும், இல்லேன்னா ரத்தம் சரியா உறையாம போகலாம். சிஏ 19-9 (புற்றுநோய்க்காகப் பார்க்கிற ரத்த டெஸ்ட்) கூடியிருந்தா பயப்படாதீங்க, தொற்றிலும் ஏறும். தொற்று தணிஞ்ச பிறகு மறுபடி எடுக்கணும்.

இன்னொண்ணு: குளிரோட ஜுரமும் மஞ்சளும் சேர்ந்து வந்தா கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்கவே கூடாது. அன்னிக்கே ஆஸ்பத்திரி.

வார்டு சிஸ்டர்:
டி-டியூப் பை எப்பவும் இடுப்புக்குக் கீழே இருக்கணும். குழாயை வயிற்றுத் தோலில் இன்னொரு இடத்திலும் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்க. குடியாத்தம் பஸ்ஸில் ஏறி இறங்கும்போது பை மாட்டி இழுத்தால் அந்த இரண்டாவது பிளாஸ்டர்தான் தாங்கும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்க. முதல் நாட்களில் 300 முதல் 500 மி.லி. வரும், போகப்போகக் குறையும். திடீர்னு நின்னு வயிறு வலிச்சா குழாய் மடங்கியிருக்கா பாருங்க. நிறைய வடிஞ்சா உப்பும் தண்ணியும் சேர்ந்து போகும். வேலூர் சித்திரை வெயிலில் சீக்கிரம் சோர்ந்திடுவாங்க, ஓஆர்எஸ் கொடுங்க, டாக்டருக்கும் சொல்லுங்க.

குடியாத்தத்துக்காரன்:
நன்றி சிஸ்டர். குழாயை எப்போ எடுப்பாங்க?

பித்தநாளம்:
டி-டியூப் வழியா எக்ஸ்ரேயில் தெரியற மருந்து செலுத்திப் படம் எடுத்து, கல் மிச்சமில்லைன்னா எடுத்திடுவாங்க. மிச்சம் இருந்தா 4 முதல் 6 வாரம் விட்டு வைப்பாங்க. அதுக்குள்ள குழாயைச் சுற்றி வழி கெட்டிப்படும், அது வழியாவே ஸ்கோப் விட்டுக் கல்லை எடுக்கலாம், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டாம்.

வார்டு சிஸ்டர்:
நடுவில் தானா கழன்று வந்தா திரும்பச் சொருகாதீங்க. சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்புங்க. அந்த வழி சில மணி நேரத்தில் சுருங்க ஆரம்பிச்சிடும்.