பாம்பன் வீட்டு வாசல் கதவு

*குடும்பக் குழு, ஞாயிறு*

காலை 9:12, கார்த்தி: அக்கா, வாசல் கதவில் கை வைத்துவிட்டேன். வினிகரைச் சூடாக்கி ஊற்றித் தேய்த்தேன். அழுக்குதான் போனது, பெயிண்ட் அப்படியே இருக்கிறது 😭

9:15, செல்வி: கதவை ஊறுகாய் போடுகிறாயா? கடையில் பெயிண்ட் ரிமூவர் ஒரு டப்பா வாங்கேன்.

9:16, கார்த்தி: அந்த வாடை அப்பத்தாவுக்கு ஆகாது. கிரில்லுக்கு அடித்தபோதே இரண்டு நாள் இருமியது. வீட்டுச் சாமானை வைத்தே முடிக்க வேண்டும்.

9:24, திவ்யா: அத்தான், துணியைச் சானிடைசரில் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் எமல்ஷன் (தண்ணீர் பெயிண்ட்), அதற்குத்தான் சூடான வினிகர் கொஞ்சமாவது கேட்கும். இறங்காவிட்டால் எண்ணெய் பெயிண்ட்.

9:41, கார்த்தி: துணி வெள்ளையாகவே இருக்கிறது.

9:43, முத்து மாமா: எனாமல்தான், இதில் சோதனை என்ன? வள்ளத்துக்கு வாங்கி மிஞ்சினதெல்லாம் உங்கள் அப்பா அந்தக் கதவில்தான் அடிப்பார். பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி இருக்கும் பார்.

9:46, முத்து மாமா: நீற்றின சுண்ணாம்பு 2 பங்கு, வாஷிங் சோடா 1 பங்கு. கூழாகக் குழைத்துக் கனமாக அப்பு. கதவைக் கழற்றிப் படுக்கப் போடு, நிறுத்தி வைத்தால் வழியும்.

9:48, கார்த்தி: சோடா அடுப்படியில் இருக்கிறது. சுண்ணாம்பும் ஒரு டப்பாவில் கொஞ்சம் இருக்கிறது.

9:48, செல்வி: அது ஆப்பச் சோடாடா!

9:53, திவ்யா: ஆப்பச் சோடாவுக்குக் காரம் போதாது. வாஷிங் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். பெயிண்டில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கி இளக்குவது அதுதான். வீட்டுச் சாமான்தானே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

9:55, திவ்யா: இன்னொன்று. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரமாகவே சுரண்டிப் பாலிதீனில் அள்ளுங்கள். தெருப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

10:02, முத்து மாமா: கச்சான் காற்று அடிக்கிறது, அரை மணியில் காய்ந்துவிடும். காய்ந்தால் வேலைக்கு ஆகாது. ஈரச் சாக்கைப் போர்த்தி மேலே பாலிதீனைக் கட்டு.

மாலை 3:20, கார்த்தி: 📷 பச்சை, மீன் தோல் மாதிரி உரிகிறது!! நீலத்துக்கு இன்னொரு தடவை அப்பியிருக்கிறேன். பூ வேலை இடுக்குக்குக் கம்பி பிரஷ் போடலாமா?

3:22, முத்து மாமா: தொடாதே. இரும்புத் தூள் தங்கினால் தேக்கில் கறுப்புப் புள்ளி விழும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்.

5:05, கார்த்தி: மாமா, மரமே கறுத்துவிட்டது 😨

5:07, முத்து மாமா: காரம் பட்டால் தேக்கு கறுக்கத்தான் செய்யும். இனிமேல்தான் உன் வினிகருக்கு வேலை, சரிக்குச் சரி தண்ணீர் விட்டுத் துடை. அதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவு. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், சவர். மரத்தில் உப்பு தங்கினால் புதுப் பெயிண்ட் கொப்பளிக்கும். நம் பக்கத்தில் எத்தனை கதவு அப்படிப் போயிருக்கிறது!

5:10, கார்த்தி: காரம் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

5:12, திவ்யா: ஆரத்தி கரைத்துப் பார்த்ததில்லையா அத்தான்? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து ஈர மரத்தில் லேசாக ஒற்றுங்கள். சிவந்தால் இன்னொரு தடவை கழுவ வேண்டும்.

5:13, செல்வி: அவனுக்கு யார் ஆரத்தி எடுத்தார்கள், தெரிவதற்கு? மாமா, நீங்கள்தான் மனசு வைக்க வேண்டும் 😏

5:14, முத்து மாமா: முதலில் கதவு முடியட்டும்.

6:30, கார்த்தி: முதல் ஒற்றலில் நல்ல சிவப்பு. இரண்டாவதில் ஓரம் மட்டும். மூன்றாவது மஞ்சளாகவே இருக்கிறது ✌️

6:33, முத்து மாமா: நிழலில் ஒரு வாரம் காயட்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு விடும்.

6:34, கார்த்தி: ஒரு வாரம் வாசலுக்கு என்ன செய்வது?

6:35, முத்து மாமா: ஓலைப் படல் கட்டு.

6:50, கார்த்தி: அப்பத்தா வெற்றிலையை நீவி வைத்துக்கொண்டு சுண்ணாம்பு டப்பாவைத் தேடுகிறது. யாரும் இப்போது வீட்டுக்குப் போன் போடாதீர்கள்.

6:50, செல்வி: அடப்பாவி, அந்த டப்பாவையா கலக்கினாய்??